ஞாயிற்றுக்கிழமைப் படகு

முல்லைத்தீவு நகரிலிருந்து கொக்கிளாய் வீதியில் தெற்கே போனால், சிலாவத்தையும் அளம்பிலும் செம்மலையும் கடந்து, ஏறத்தாழ இருபதாவது கிலோமீற்றரில் நாயாறு வரும். மேற்கே களப்பு, கிழக்கே கடல், இரண்டையும் இணைக்கும் ஒடுங்கிய முகத்துவாரம். சோளகம் வீசும் மாதங்களில் இலங்கையின் மேற்குக் கரை கொந்தளிக்கும், கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும். அந்தக் காலம் பார்த்து நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் இங்கே வந்து வாடி அடிப்பார்கள். வாடைக் காற்று பிறக்கும்போது வாடியைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். காற்று வகுத்த இந்த ஒழுங்கு பல தலைமுறைப் பழமையானது.

வாரத்தில் ஆறு நாளும் விடியுமுன்னே இஞ்சின் சத்தம் கேட்கும் கரையில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சில படகுகள் மணலிலேயே கிடக்கும். மன்னார் தொடங்கி நீர்கொழும்பு வரைக்கும், கடலுக்கு அப்பால் தூத்துக்குடிக் கரையிலும், கத்தோலிக்க மீனவர் ஞாயிறு தொழிலுக்குப் போவதில்லை என்பது பழைய முறை. மீன் கரையோரம் வந்து நிற்கிற நாளிலும் படகை ஏற்றிவைத்துவிட்டுப் பூசைக்குப் போகிறவனைப் பார்த்து வன்னியில் சொல்வதற்கு ஒரு சொல் உண்டு: விசர் வேலை.

அந்தச் சொல் புதிதல்ல. சிலுவையின் செய்தி உலகத்தின் கண்ணுக்கு மடமையாகத்தான் தெரியும் என்று கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் எழுதி இரண்டாயிரம் ஆண்டு ஆகப்போகிறது. மடமை என்று சொல்பவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். அந்த மடமைக்குக் கொடுக்கவேண்டிய விலையும் மாறியது.

அன்று அந்த விலை உயிர். 1544இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் சுமார் அறுநூறு பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். அடுத்த நூற்றாண்டில் வந்தவர்கள் வாளைவிடப் பேரேட்டை நம்பினார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள், குருக்களுக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அறிவித்தார்கள். திருமுழுக்கும் திருமணமும் அவர்களுடைய சீர்திருத்தச் சபையின் பதிவில் ஏறவேண்டும். ஏறினால் உத்தியோகமும் முதுசமும் நிலைக்கும், ஏறாவிட்டால் கைவிட்டுப் போகும். புத்தியுள்ளவன் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் இரகசியமாகச் செபமாலை சொன்னான். விசரன் மாதா சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனான். 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் அப்படிச் சுருவத்தோடு வன்னிக் காட்டுக்குள் வந்தன என்பது மடுக் கோயிலின் மரபு. யானையும் பாம்பும் காய்ச்சலும் இருந்த காட்டை ஒல்லாந்தரின் பதிவேட்டுக்கு மாற்றாகத் தெரிந்தெடுத்த அந்தக் கணக்கு, அன்றைய யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளங்கியிருக்காது.

1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் வந்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்த குருவானவர், கூலிக்காரர் வேடத்தில், நோயோடும் பசியோடும் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தார். தமிழ் கற்றார், இரவில் வீடு வீடாகப் போய்ப் பூசை செய்தார். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் திடீரென்று வளைத்துச் சுமார் முந்நூறு பேரைப் பிடித்தபோது, அவர் மட்டும் அகப்படவில்லை. பின்பு கண்டிக்குப் போனார். ஒற்றர் என்று சிறையில் வைத்தார்கள். 1697இல் கண்டியில் அம்மை பரவி, உற்றாரே நோயாளியைக் காட்டில் விட்டுவிட்டு ஓடிய நாளில், விடப்பட்டவர்களை எடுத்துப் பராமரித்தவர் அவர்தான். 1711இல் இறந்தார்.

2015 சனவரி 14ஆம் திகதி காலையில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார், அன்று பிற்பகலே மடுவுக்கும் வந்தார். ஒருகாலத்தில் இருபது குடும்பங்கள் ஒளிந்து வந்த காட்டில் இப்போது உலங்குவானூர்தி இறங்கியது, தொலைக்காட்சிகள் நேரடியாகக் காட்டின. முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய விசர் வேலைக்கு அரச மரியாதை கிடைத்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் காணாமற்போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்தபடி இருந்த தாய்மாருக்கு எந்த மரியாதையும் இன்னும் கிடைக்கவில்லை.

நாயாற்றின் சொந்தக் கதை அந்தத் தாய்மாரின் கதைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

1984க்கு முன் இக்கரையில் பருவத்துக்கு வந்த சிங்கள மீனவரும், களப்பிலும் கடலிலும் தொழில் செய்த தமிழரும் ஒரே கடலைப் பங்கிட்டார்கள். உரசல் இல்லாமல் இல்லை, உறவும் இல்லாமல் இல்லை. கரைவலை இழுக்கிற கைகள் எத்தனை இருந்தாலும் காணாது. மீன் விலைக்கு வேண்டிய அளவு சிங்களம் இவர்களுக்கும், தண்ணீர் கேட்க வேண்டிய அளவு தமிழ் அவர்களுக்கும் வாயில் இருந்தது. வந்தவர்களில் கணிசமானோர் கத்தோலிக்கர். அந்தோனியாரும் செபஸ்தியாரும் இரண்டு மொழியிலும் மன்றாட்டுக் கேட்டார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி கென்ற், டொலர் பண்ணைகளில் குடியேற்றப்பட்டிருந்த சிங்களவரை விடுதலைப் புலிகள் தாக்கினார்கள். மறுநாள், டிசம்பர் 1, கொக்கிளாயிலும் நாயாற்றிலும் மீனவக் குடும்பத்தவர் கொல்லப்பட்டார்கள். அன்று சனிக்கிழமை. விடிந்தால் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் ஒதியமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழர் கொல்லப்பட்டார்கள். கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், நாயாறு என்று ஊர் ஊராகத் தமிழரை வெளியேறும்படி இராணுவம் உத்தரவிட்டது. ஒரு டிசம்பருக்குள் இரண்டு மொழிக்காரருக்கும் கரை இல்லாமற் போயிற்று. அந்த மாதத்திலேயே, 13ஆம் திகதி, மன்னாரில் மெதடிஸ்த குருவானவர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். மூன்று வாரம் கழித்து, 1985 சனவரி 6ஆம் திகதி, வங்காலையில் மேரி பஸ்ரியன் அடிகளார் கொல்லப்பட்டார். அன்று மூன்று இராசாக்கள் திருநாள்.

அடுத்த இருபது ஆண்டுகளில் பழகியது போர். பழகாத ஒன்று கடலிலிருந்து வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதியும் ஞாயிற்றுக்கிழமைதான். நத்தாருக்கு மறுநாள், பூசைக்குரிய காலை. ஆழ்கடலில் நிற்கிற படகுக்கு ஆழிப்பேரலை ஒரு சிறு ஏற்றம் மட்டுமே, கரையில் இருந்தவனுக்குத்தான் அது மரணம். கடலுக்குப் போகாமல் ஞாயிறு காத்தவர்கள் கரையில் இருந்தார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் சுமார் மூவாயிரம் பேர் இறந்தார்கள், நகரின் கடற்கரையில் இருந்த புனித இராயப்பர் ஆலயம் நொறுங்கிப்போனது. ஞாயிறு ஓய்வைப் பற்றி எவரும் சொல்லக்கூடிய மிகக் கடினமான வார்த்தையை அந்த ஞாயிறே சொல்லிவிட்டது. அதற்கு விசுவாசிகளிடம் பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அலை ஓய்ந்த பிறகும் சிலர் ஞாயிறு படகைக் கரையேற்றினார்கள் என்பதுதான் தெரியும். கோயிலும் மீண்டும் எழும்பியது.

அதைவிடப் பெரிய கேள்வி 2008இல் வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வன்னியைவிட்டு வெளியேறவேண்டும் என்று அரசாங்கம் பணித்தது. கிளிநொச்சியில் ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் வாசலில் சனங்கள் கூடிநின்று போகவேண்டாம் என்று கெஞ்சினார்கள். 16ஆம் திகதி வாகனங்கள் வரிசையாகப் புறப்பட்டன. போனவர்களுக்கு உத்தரவும் இருந்தது, காரணமும் இருந்தது. குருக்களிலும் கன்னியாஸ்திரிகளிலும் பலர் போகவில்லை. அவர்களிடம் வானொலிக் கருவியும் இல்லை, கவச வாகனமும் இல்லை. கொஞ்சம் அப்பமும் இரசமும், ஒரு பூசைப் புத்தகமும் இருந்தன. வட்டக்கச்சி, விசுவமடு, உடையார்கட்டு, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று சனம் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள்.

கோயில் பாதுகாப்பும் தரவில்லை. வலைஞர்மடம் மாதா கோயிலில் அடைக்கலம் தேடிய இளையோரைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். 2009 ஏப்ரலில் அதே கோயிலின்மீது எறிகணை விழுந்து ஒரு குருவானவர் காலை இழந்தார். இரு தரப்புக்கும் இடையில் நடுவில் நிற்பவனுக்கு இரு தரப்பிலிருந்தும் அடி விழும் என்பது புத்தியுள்ளவர்கள் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

மே 18ஆம் திகதி, உருத்திரபுரத்துப் பங்குத்தந்தை மரியாம்பிள்ளை சரத்ஜீவன் மக்களோடு வெளியே வரும் வழியில் களைத்து விழுந்து இறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், அதற்கு எட்டு நாள் முன்னர் பாப்பரசருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதே மே 18 அன்று வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு அவரும் போனார். அவர்களைத் தனியே விட மனமில்லாமல் போனார் என்று கண்டவர்கள் சொல்கிறார்கள். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. முதியவர், ஆயுதம் தொடாதவர், தன்பாட்டில் சனத்தோடு சனமாக நடந்திருந்தால் முகாம் ஒன்றில் உயிரோடு இருந்திருக்கலாம். உலகக் கணக்கில் பார்த்தால் அந்த நேரத்தில் அவர் செய்தது முழு விசர்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. அன்று நாயாற்றுக்குப் போகச் சோதனைச்சாவடிகளைக் கடக்கவேண்டியிருந்தது, இன்று முல்லைத்தீவிலிருந்து முக்கால் மணி நேரம் போதும். அன்று கட்டுமரமும் கரைவலையும் கையிழுவையும், இன்று கண்ணாடியிழைப் படகும் மண்ணெண்ணெய் இஞ்சினும் திசை காட்டும் கருவியும். அன்று நட்சத்திரம் பார்த்து வலை வைத்தார்கள், இன்று இரவில் வெளிச்சம் பாய்ச்சி மீனைக் கூட்டுவதைப் பற்றி வழக்குப் பேசுகிறார்கள். களப்பும் சூழலும் 2017இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டன. காட்டுக்குக் கிடைத்த காவல், களப்பை நம்பியவருக்கு இன்னொரு எல்லைக்கல்லாகவும் தெரிந்தது.

உயிருக்கு அச்சமில்லை. அன்றோடு ஒப்பிட்டால் இது சின்ன நன்மையல்ல. பூசைக்குப் போன பிள்ளை திரும்பி வருமோ என்று வாசலில் நிற்கவேண்டியதில்லை. அன்று 'சுவாமி' என்று எழுந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று 'பாதர்' என்று தோளில் கைபோடாத குறையாகப் பேசுகிறார்கள். அச்சம் குறைந்த இடத்தில் நெருக்கம் கூடியது. எறிகணைக்குப் பயந்து ஓடிய காலத்தில் பதுங்குகுழிக்குள்ளும் செபமாலை சொன்ன குடும்பத்தில், இப்போது இரவு எட்டு மணிக்கு ஆளுக்கொரு கைத்தொலைபேசி. நெருக்கம் கூடிய அதே வீட்டில் சேர்ந்து முழந்தாளிடுவது குறைந்தது.

விலையும் உயிரிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபா ஆனது. ஒரு நாள் தொழிலின் வரவும் கடனும் அந்த இரவோடு வேறு கணக்காயின. ஞாயிறு படகை ஏற்றுகிறவன், மாதத்தில் நான்கு ஐந்து நாளைக் கடன்காரனுக்குக் கொடுக்காமல் ஆண்டவருக்குக் கொடுக்கிறான் என்று பிள்ளைகளே கணக்குப் பார்த்துச் சொல்கிறார்கள். கடலுக்குக் கிழமை தெரியுமோ, மீன் நாட்காட்டி பார்க்குமோ என்ற கேள்விகளில் பகை இல்லை. வீட்டுச் செலவைப் பொறுப்போடு பார்ப்பவனின் கேள்விகள் அவை. அன்று பழித்தவன் வாளோடும் பேரேட்டோடும் வெளியிலிருந்து வந்தான், அவனை எதிர்ப்பது ஒரு வகையில் இலகு. இன்று கேட்பவன் பக்கத்துப் பாயில் படுக்கிற மகன்.

இன்னொரு மாற்றத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். போருக்குப் பின் வன்னியில் சிறு சிறு சபைகள் பெருகின. தகரக் கொட்டகையில் கைதட்டிப் பாடுகிறவர்களை 'அல்லேலூயாக் கூட்டம்' என்று கேலி செய்வோரில் சைவரும் உண்டு, கோயிலில் முன்வரிசையில் இருக்கும் கத்தோலிக்கரும் உண்டு. ஊரோடு ஒட்டாதவன், குலதெய்வத்தை விட்டவன், மூளை கழன்றவன் என்று இன்று சபைக்காரனைப் பற்றிச் சொல்வது, அன்று சுருவம் சுமந்தவனைப் பற்றிச் சொன்னதுதான். பழிக்கப்பட்டவர்களின் வழிவந்தோருக்கு அந்தப் பழி எளிதில் மறந்துவிடுகிறது.

நாயாற்றில் இன்று மிகக் கடினமான விசர் வேலை ஞாயிறு ஓய்வுமல்ல, கைதட்டிப் பாடுவதுமல்ல. இடம்பெயர்ந்த தமிழர் 2009க்குப் பிறகு படிப்படியாகத் திரும்பியபோது தங்கள் கரையில் தங்களுக்கு முன்பே வாடிகள் நிற்பதைக் கண்டார்கள். அனுமதி பெற்றவர்களைவிடக் கூடுதலான படகுகள் தெற்கிலிருந்து வருகின்றன என்பது அவர்களின் முறைப்பாடு. 2018 ஆகஸ்டில் தடைசெய்யப்பட்ட தொழில்முறைகளுக்கு எதிராக மீனவர் முல்லைத்தீவில் வீதிக்கு இறங்கினார்கள். அதே மாத நடுவில் ஓர் இரவில் நாயாற்றில் தமிழரின் வாடிகள் எரிந்தன. படகும் இஞ்சினும் வலையும் சாம்பலாயின. 1984இல் எரிந்த கரையே மீண்டும் எரிந்தது, இம்முறை மறுபக்கம்.

அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலில் பூசை முடியும் நேரத்தில் குண்டு வெடித்தது. அந்த ஒரு கோயிலில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர், நாடு முழுவதும் இருநூற்று அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நாயாற்றில் வாடி அடிக்கிறவர்கள் அந்தக் கரையிலிருந்துதான் வருகிறார்கள். அதற்குப் பிறகு மேற்குக் கரையின் சிங்களக் கத்தோலிக்கர் தங்கள் இறந்தோரின் படங்களைப் பிடித்துக்கொண்டு வீதியில் நின்று உண்மையைக் கேட்டார்கள். முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் சனாதிபதி பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முல்லைத்தீவில் காணாமற்போனோரின் படங்களோடு நிற்பவர்களுக்கு அப்படி ஒரு தீர்ப்புக் கிடைக்கவில்லை. 2017 மார்ச்சிலிருந்து அவர்கள் தொடர்ந்து நிற்கிறார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கிழக்கில் சின்னப்பர் கோயிலுக்குப் பக்கத்தில், இறந்தோரின் பெயர் பொறித்த கற்களை நாட்ட இயேசு சபைக் குரு எழில் ராஜேந்திரமும் மற்றவர்களும் ஒழுங்கு செய்தபோது நீதிமன்றத் தடை வந்தது, பொலிஸ் விசாரணையும் வந்தது. மறுநாள் வழிபாட்டுக்கு மட்டும் நிபந்தனையோடு இடம் கிடைத்தது. 2021இல் முள்ளிவாய்க்காலில் இருந்த நினைவுச் சின்னம் இரவோடிரவாக உடைக்கப்பட்டது. அன்று ஒல்லாந்தரின் பேரேட்டில் பெயர் ஏறாமல் இருப்பது குற்றம், நம் காலத்தில் கல்லில் பெயர் ஏற்றுவது குற்றமாகப் பார்க்கப்பட்டது. ஆனாலும் ஒவ்வொரு மே 18இலும் அந்த மணலில் குருக்களும் சைவப் பெரியோரும் சேர்ந்து விளக்கேற்றுகிறார்கள்.

கட்டுவாப்பிட்டிக்காரன் தன் படத்தைப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே கேள்வியை வட்டுவாகல்காரி தன் படத்தோடு கேட்கிறாள். இவர்கள் இருவரும் சோளகக் காலத்தில் நாயாற்றில் ஒரே முகத்துவாரத்தைப் பயன்படுத்துகிறார்கள், ஒரே மீனுக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். பக்கத்து வாடிக்காரனும் துக்கம் காக்கிறவன் என்று ஒத்துக்கொள்வது, அவனிடம் தன் கரையைக் கேட்டு வழக்காடிக்கொண்டே ஒத்துக்கொள்வது, காட்டுக்குள் சுருவம் சுமப்பதைவிடப் பாரம். அதைச் சொல்பவனை இருபக்கத்தாரும் விசரன் என்பார்கள். அவனுடைய உரிமைக் கோரிக்கை அதனால் குறைவதில்லை, கோபம்தான் குறையவேண்டியிருக்கும். போன தலைமுறையில் ஒருவர் சரணடைந்தவர்களோடு சேர்ந்து போனதன் பொருள், இந்தத் தலைமுறையில் இந்த அளவுக்குத்தான் கேட்கப்படுகிறது. அதுவும் அதிகம் என்றே தோன்றுகிறது.

ஞாயிறு காலையில் நாயாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால், முகத்துவாரத்தின் இரு பக்கத்திலும் மணலில் ஏற்றிய படகுகள் தெரியும். ஒவ்வொரு படகின் முகப்பிலும் ஒரு புனிதரின் பெயர் எழுதியிருக்கும். தமிழிலா சிங்களத்திலா என்பது அந்தத் தூரத்தில் வாசிக்க முடிவதில்லை.